ஏரி விராலுக்கேற்ற தூண்டில் சாமான்கள்
கோல், ரீல், நரம்பு ஆகியவற்றைத் தெரிந்தெடுக்கும் முறை

சென்னை நகரத்திற்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலப்பரப்பு ஏரிப் பாசனத்தால் வளர்ந்ததாகும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, போரூர் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று அடுத்தடுத்து அமைந்த இந்நீர்நிலைகளுட் சில, 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டு நகரம் மேற்கு நோக்கிப் பரவியபின், ஆயக்கட்டை இழந்து வெறும் நீர்த்தேக்கங்களாக நிற்கின்றன. ஆயினும் பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள கிராமங்களில் நெல்லும் கீரையும் மல்லிகையும் பயிராகின்றன. ஏரியை நம்பியும், கிணற்றை நம்பியும், பண்ணைக் குட்டையை நம்பியும் விவசாயம் நடைபெறுகின்றது. இந்நீர்நிலைகள் யாவற்றிலும் பொதுவாகக் காணப்படும் மீன் விரால்.

விராலைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். மீன்குஞ்சு விட்டு வளர்க்கும் குட்டையை உடைய விவசாயிக்கு அது பொழுதுபோக்கு அன்று; களையெடுப்பதை ஒத்த ஒரு வேலையாகும். அவ்வேலைக்குரிய கருவிகளைத் தெரிந்தெடுக்கும் முறையும், அவற்றால் நேரக்கூடிய அபாயங்களைத் தவிர்க்கும் முறையும் இங்கே விவரிக்கப்படுகின்றன.

பாஸ் மீனும் விராலும்

வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் 'பாஸ்' என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அந்நாட்டாரின் பெரிய விளையாட்டாக இருந்து வருகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கென்டக்கி மாநிலத்தில் கடிகாரத் தொழில் செய்து வந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் பாஸ் மீன் பிடிப்பதற்கென்று பல்சக்கரம் பொருத்திய ரீல் ஒன்றைச் செய்தார். அன்று முதல் அம்மீனை முன்னிட்டே கோலும் ரீலும் நரம்பும் பலவாறாகத் திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. சென்னைக் கடைகளில் இன்று விற்கும் தூண்டில் சாமான்களில் பாஸ் மீனின் பெயரையோ படத்தையோ தாங்கியவை பல இருப்பதற்குக் காரணம் இதுவே.

அந்த மீன் தமிழ்நாட்டு ஏரிகளுக்கு உரியதன்று. ஆங்கிலத்தில் கடல் பாஸ் எனப்படும் கொடுவா, எண்ணூர், பழவேற்காடு முதலிய உப்பங்கழிகளில் வாழ்வது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-ல் அதனைச் செயற்கை முறையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்தனர். ஆனால் நன்னீர் ஏரியில் பாஸ் மீனின் இடத்தை வகிப்பது விராலேயாகும். இரண்டும் செடிமறைவில் பதுங்கியிருந்து இரையின்மேல் பாய்வன. இரண்டும் தவளையையும் சிறு மீனையும் தின்பன. இரண்டும் குஞ்சுகளைக் காவல் காப்பன. ஆகையால் பாஸ் மீனுக்கென்று செய்யப்பட்ட சாமான்களிற் பெரும்பாலானவை விராலுக்கும் பொருந்தும். பொருந்தாதவற்றை அறிந்து விலக்குதல் வேண்டும்.

ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றிய ஆராய்ச்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டிலிடும் கலையைப் பற்றி 1873-ல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனியே 1887-ல் மற்றொரு நூலும் வெளியிட்டார். அண்மையில், 2016-ல் மீன்வளத் துறையினரின் பொறுப்பில் திறக்கப்பட்ட சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் தூண்டிலிடுவோருக்கென்று இடம் ஒதுக்கப்பட்டது.

விராலின் இயல்பு

கருவியைத் தெரிந்தெடுக்கும் முன்னர் மீனின் இயல்பை அறிதல் அவசியம். விராலுக்குச் செவுளுடன், தலையின் உட்புறத்தில் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. அது அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து காற்றை உட்கொண்டு மீளும். அவ்வாறு வரும் இடத்தில் நீரில் ஒரு வட்டம் தோன்றும். அனுபவமுள்ளவர் அவ்வட்டத்தைக் கண்டே மீனின் இருப்பிடத்தை அறிவர். காற்றைச் சுவாசிப்பதால், கோடையில் நீர் குறைந்து சேறானபோதும் விரால் பிழைத்திருக்கும். ஈரச் சாக்கில் வைத்து உயிருடன் சந்தைக்குக் கொண்டு போகவும் இயலும். உயிர் மீனாக விற்பதால்தான் அதற்கு நல்ல விலை கிடைக்கின்றது.

அல்லி, தாமரை, கோரை, ஆகாயத்தாமரை ஆகியவற்றின் ஓரங்களிலும், நீரில் நிற்கும் கருவேல மரங்களின் அடியிலும், மதகின் அருகிலும் விரால் பதுங்கியிருக்கும். இரையை நெடுந்தூரம் துரத்திச் செல்லாது. அருகில் வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வி, உடனே செடிக்குள் திரும்பும். இந்தக் கடைசி இயல்புதான் கோலின் வலுவையும் நரம்பின் பருமனையும் நிச்சயிக்கின்றது.

தூண்டிலால் விவசாயிக்கு உண்டாகும் பிரயோஜனம்

பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டைக் குஞ்சுகளை விடுமுன், அங்குள்ள விராலையும் குறவையையும் அகற்ற வேண்டும் என்பது மீன்வளர்ப்பின் முதற்பாடம். நீரை முற்றும் இறைத்துக் காயவிடுதல் சிறந்த முறை. அதற்கு வழியில்லாத இடத்தில் இலுப்பைப் புண்ணாக்கை ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு 2,500 கிலோ வீதம் இடுவது வழக்கம். அதன் நச்சுத் தன்மை சுமார் மூன்று வாரங்களில் நீங்கி, பின்னர் அது குட்டைக்கு உரமாகின்றது.

ஆனால் குஞ்சு விட்ட பின்னர் மழைக்காலத்தில் கலங்கல் பாய்ந்து, வாய்க்கால் வழியே விரால் உட்புகுந்தால் என் செய்வது? புண்ணாக்கை இட்டால் வளர்ப்பு மீனும் மடியும். வலை வீசினாலோ, விரால் சேற்றில் புதைந்து வலைக்கு அடியிலே தங்கிவிடும். அல்லது வலைக்கு மேலே துள்ளிப் போகும். இந்நிலையில், வளர்ப்பு மீனுக்கு ஊறு செய்யாமல் விராலை மட்டும் பொறுக்கி எடுக்கக்கூடிய கருவி தூண்டிலே. கெண்டைகள் ரப்பர்த் தவளையைக் கவ்வமாட்டா, விரால் கவ்வும். தூண்டிலால் எல்லா விராலையும் ஒழித்துவிட முடியாது. ஆயினும் பெரியவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகளின் சேதம் குறையும். எடுத்த விராலும் விலைபோகும்.

கோல்

கிராமத்தில் வழங்கும் கோல் மூங்கிலால் ஆனது. உட்குழல் மிகக் குறுகி ஏறக்குறையக் கட்டையாக உள்ள கல்மூங்கிலே இதற்கு ஏற்றது. மூன்று வருஷம் முதிர்ந்த கழியை மழைக்காலம் கழிந்தபின் வெட்டி, நிழலில் தொங்கவிட்டுச் சில மாதங்கள் உலர்த்த வேண்டும். வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும். பச்சையாகவே உபயோகித்தால் வளைந்தபின் நிமிராது. உலர்ந்த கழியின் கோணலை இளஞ்சூட்டில் காட்டி நிமிர்த்தி, ஆளிவிதை எண்ணெய் தடவி வைத்தால் பல வருஷங்கள் உழைக்கும். வண்டு துளைத்த தூள் கணுவில் தென்பட்டால் அக்கோலை அகற்றிவிட வேண்டும். குட்டையின் ஓரத்தில் நின்று, கோலின் நீளத்திற்குள் எட்டும் இடத்தில் இரையை இடுவதற்கு 10 முதல் 14 அடி வரையுள்ள கல்மூங்கிற்கோல் போதுமானது. இதற்கு ரீல் தேவையில்லை, செலவும் சொற்பம்.

கரையிலிருந்து எட்டாத செடியோரத்திற்கு இரையை வீசவேண்டுமாயின், வளையங்களும் ரீலும் பொருத்திய கோல் வேண்டும். இவை இரு தினுசு. கண்ணாடி நாரால் ஆனது கனமானது, ஆனால் எளிதில் முறியாது, விலையும் சகாயம். கரிநாரால் ஆனது இலேசானது. மீன் கடிப்பது கைக்கு உடனே தெரியும். ஆனால் கல்லில் மோதினாலோ, கீழே போட்டு மிதித்தாலோ, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் கண்டு பின்னர் திடீரென்று முறியும். வண்டியில் மற்றச் சாமான்களோடு எடுத்துச் செல்லும் விவசாயிக்குக் கண்ணாடி நார்க் கோலோ, இரண்டும் கலந்து செய்த கோலோ ஏற்றது.

கோலின்மேல் அச்சிட்ட குறிகளைப் படித்தே வாங்க வேண்டும். நீளம் அடிக்கணக்கில் இருக்கும். கரையில் மரங்கள் நெருங்கியுள்ள ஏரிகளில் ஆறரை முதல் ஏழு அடி வரையுள்ள கோலே சௌகரியம். எல்., எம்., எம்.எச்., எச். என்ற எழுத்துக்கள் வலுவைக் குறிப்பன. முதலாவது மெல்லியது, கடைசி மிக வன்மையானது. செடியடர்ந்த ஏரிக்கு எம்.எச். என்ற குறியுள்ள கோலையும், செடியில்லாத குட்டைக்கு எம். என்ற குறியுள்ளதையும் வாங்கலாம். வீசக்கூடிய இரையின் எடை கிராம் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ரப்பர்த் தவளை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம் வரை எடையுள்ளதாதலால், அந்த எடை கோலில் குறித்த வரம்பிற்குள் அடங்குகின்றதா என்று பார்க்க வேண்டும்.

கடையிலேயே மூன்று சோதனைகள் செய்து பார்ப்பது நலம். முதலாவது, கோலைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளையங்கள் யாவும் ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா என்று நோக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் சிறு பஞ்சைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சு இழை சிக்கினால் அங்கே விரிசல் உண்டு. அது நரம்பை அறுத்துவிடும். மூன்றாவது, நரம்பை வளையங்களின் வழியே கோத்து, மற்றொருவர் அதன் முனையைப் பிடித்திருக்க, கோலை மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். நுனிப்பகுதி எளிதில் வளைந்து, நடுவிலிருந்து அடிவரை வன்மையாக நிற்பதே விராலுக்கு ஏற்ற கோல். நுனி முதல் அடிவரை ஒரே சீராக வளைவது, செடிக்குள் ஓடும் மீனைத் திருப்பாது. கோலின் நுனியைக் கூரையிலோ தரையிலோ அழுத்தி வளைப்பது தவறு. நல்ல கோலும் அதனால் முறியும்.

ரீல்

ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை. இப்போது வழங்குபவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் முனைவழியே கழன்று செல்லும்படி அமைந்தது. இங்கிலாந்தில் நெசவாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த இல்லிங்வொர்த் என்பவர், ஆலையின் நூற்கண்டு முனைவழியே கழலுவதை ஒட்டி இதனை அமைத்து, 1905-ல் உரிமை பெற்றார். கடைகளில் இதனை ஸ்பின்னிங் ரீல் என்பர். மற்றொன்று, நரம்பு செல்லச்செல்ல உருளையும் உடன்சுழல்வது. மேற்கூறிய ஸ்னைடர் செய்த ரீல் இவ்வினத்தைச் சேர்ந்தது. இதனைப் பெய்ட்காஸ்டிங் ரீல் என்பர். இது வன்மை மிக்கது; ஆனால் இரை நீரில் விழும் தருணத்தில் பெருவிரலால் உருளையைத் தடுக்காவிடில், நரம்பு தாறுமாறாகச் சிக்கிக்கொள்ளும். பழக்கமில்லாதவர் முதலில் ஸ்பின்னிங் ரீலையே வாங்குதல் நலம்.

ரீலின் பருமன் 1000 முதல் மேற்பட்ட எண்களால் குறிக்கப்படும். விராலுக்கு 3000 அல்லது 4000 என்று குறித்தது போதும். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் நரம்பு சுற்றும் பகுதி ஐந்து அல்லது ஆறு முறை சுழலுமாறு இருப்பது நல்லது. பால் பேரிங்குகளின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிட்டு விலையைக் கூட்டுவது வியாபார வழக்கம். பத்துப் பேரிங் உள்ள மட்டமான ரீலைவிட, நாலே பேரிங் உள்ள நல்ல ரீல் மேலானது. கைப்பிடியைப் பின்னோக்கி அசைத்தால் ஆட்டம் இருத்தலாகாது. நரம்பை ஏந்தும் கம்பி வளைவும் அதன் சிறு உருளையும் தடையின்றிச் சுழல வேண்டும்.

ரீலில் மிகவும் முக்கியமான பகுதி, டிராக் என்னும் இழுவைத் தடை. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது அதுவே. அதனைக் கையால் உத்தேசமாக முடுக்கிவிடுவது பலருடைய பழக்கம். வில்தராசைக் கொண்டு இதனைச் சரியாக அமைக்கலாம். நரம்பின் முனையைத் தராசின் கொக்கியில் கட்டி நேராக இழுக்க வேண்டும். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு அளவைத் தராசு காட்டும்போது ரீல் நரம்பை விடத் தொடங்குமாறு திருகை அமைக்க வேண்டும். வேலை முடிந்தபின் திருகைத் தளர்த்தி வைத்தால், உள்ளிருக்கும் மெத்தைகள் அமுங்கிக் கெடா.

நரம்பு

முற்காலத்தில் பருத்தி நூல், பட்டு நூல், குதிரை மயிர், பட்டுப்புழுவின் குடலிலிருந்து எடுத்த இழை ஆகியவை தூண்டிலுக்கு உபயோகப்பட்டன. 1935-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் கரோத்தர்ஸ் என்பவர் நைலானைக் கண்டுபிடித்தபின் அவை மெல்ல மறைந்தன. தங்கூசி என்று மக்கள் கூறும் ஒற்றை நைலான் இழை இன்று எங்கும் கிடைக்கின்றது. அது விலை மலிவு. முடிச்சு நன்றாகப் பிடிக்கும். கல்லில் உராய்ந்தாலும் உடனே அறாது. ஆனால் இழுத்தால் நீளும். நீரில் ஊறினால் வலு சற்றுக் குறையும். வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறும். ஆகையால் தங்கூசியை வருஷத்திற்கு ஒரு முறையேனும் மாற்றுவது நலம்.

மற்றொரு தினுசு, நுண்ணிய பாலிஎதிலீன் இழைகள் பலவற்றைச் சேர்த்துப் பின்னியது. பின்னல் நரம்பு அல்லது பிரெய்ட் என்பது இதுவே. தங்கூசியைவிட மிகவும் மெல்லியதாயினும் அதே வலுவுள்ளது. நீளாது; நீரில் மிதக்கும்; ஆகாயத்தாமரையின் தண்டை அறுத்துக்கொண்டு வரும். செடியடர்ந்த ஏரியில் விரால் பிடிப்பதற்கு இதற்கு இணையானது இல்லை. ஆயினும் கரையின் கல்கட்டில் உராய்ந்தால் எளிதில் அறும். கையில் சுற்றி இழுத்தால் தோலை அறுத்துவிடும். சிக்கிய தூண்டிலை விடுவிக்கும்போது நரம்பை ஒரு தடியில் சுற்றியே இழுக்க வேண்டும்.

நரம்பின் வலு டப்பாவின்மேல் எல்.பி. என்ற குறியோடு ராத்தல் கணக்கில் காணப்படும். ஒரு ராத்தல் சுமார் 454 கிராம். ஒரு கிலோ எடையுள்ள விராலுக்கு நாற்பது ராத்தல் நரம்பு எதற்கு என்று பலர் வினவுவர். நரம்பு தாங்கவேண்டியது மீனின் எடையை மட்டும் அன்று. செடிக்குள் புகுந்த மீனை இழுக்கும்போது அதனுடன் சேர்ந்து வரும் கொடியும் வேரும் மீனைப்போல் பன்மடங்கு கனக்கும். நரம்பு அறுந்தால் முள்ளுடன் போன மீன் வீணே மடியும். ஆகையால் செடியடர்ந்த இடத்திற்கு 30 முதல் 40 ராத்தல் வரையுள்ள பின்னல் நரம்பும், செடியில்லாத குட்டைக்கு 12 முதல் 15 ராத்தல் வரையுள்ள தங்கூசியும் தேவை.

பின்னல் நரம்பை ரீலில் நேராகச் சுற்றினால் அது வழவழப்பான உருளையின்மேல் வழுக்கிச் சுழலும். முதலில் சில சுற்றுக்கள் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பைக் கட்டிச் சுற்ற வேண்டும். உருளையின் விளிம்பிற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை நிரம்பியிருப்பதே அளவு. அதற்கு மேல் நிரப்பினால் சிக்கும். குறைந்தால் தூரம் போகாது.

முடிச்சு

எவ்வளவு உயர்ந்த நரம்பாயினும் அது முடிச்சில்தான் அறும். பின்னல் நரம்புக்கு ஏற்ற எளிய முடிச்சு ஒன்று உண்டு. நரம்பின் முனையை அரை அடி அளவு இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் காதில் நுழைக்க வேண்டும். இரட்டை நரம்பாலேயே ஒரு சாதாரண முடிச்சை இறுக்காமல் போட்டு, எஞ்சிய மடிப்பு வளையத்திற்குள் முள் முழுவதையும் நுழைத்து மேலே கொண்டுவர வேண்டும். பின்னர் எச்சிலாலோ நீராலோ ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வின் சூட்டால் வலு குறையும்.

முள்ளும் இரையும்

நெட்டித் தக்கை கட்டி, மண்புழுவையோ சிறு மீனையோ முள்ளில் கோத்து இடுவது பழைய முறை. இன்றும் பலன் தருவது. ஆனால் விராலுக்கென்று உயிர்த்தவளையை முள்ளில் கோக்கும் வழக்கத்தை விவசாயிகள் கைவிட வேண்டும். வயலில் பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது தவளை. தவளைக்கால் ஏற்றுமதிக்காக அவை பெருவாரியாகப் பிடிக்கப்பட்டு வந்ததை இந்திய அரசாங்கத்தார் 1987-ல் தடை செய்ததற்கும் அதுவே ஒரு காரணம். தன் வயலின் காவலாளைக் கொன்று மீன் பிடிப்பது லாபமாகாது.

அதற்குப் பதிலாக, உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர்த் தவளை கடைகளில் கிடைக்கின்றது. அதன் முதுகோடு ஒட்டி இரண்டு முட்கள் மேல்நோக்கி அமைந்திருக்கும். அல்லி இலையின்மேல் இழுத்தாலும் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முட்கள் வெளிப்படும். வாங்கும்போது விரலால் அமுக்கிப் பார்த்து, எளிதில் அமுங்கி முள் வெளிப்படுவதையே வாங்க வேண்டும். கெட்டியான ரப்பர் பயன்படாது. மூன்று திசையில் முள்ளுள்ள செயற்கை இரைகள் திறந்த நீருக்குரியவை. செடியுள்ள ஏரியில் முதல் வீச்சிலேயே மாட்டிக்கொள்ளும். பாஸ் சாமான்களுள் விராலுக்குப் பொருந்தாதவை முக்கியமாக இவையே.

காலையிலும் மாலையிலும் செடியோரத்தில் தவளையை வீசி, நிறுத்தி நிறுத்தி இழுத்து வர வேண்டும். விரால் பாய்ந்த சத்தம் கேட்டவுடன் கோலை வெட்டி இழுப்பது தவறு. ஒன்று இரண்டு என்று எண்ணும் நேரம் பொறுத்து, நரம்பு இறுகிய பின்னரே பலமாக இழுக்க வேண்டும். இந்தச் சிறிது பொறுமை இல்லாததால் தப்பும் மீன்களே அதிகம்.

பிடிக்கலாகாத காலம்

மழைக்காலத்தை ஒட்டி விரால் செடிகளை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் செம்மை நிறத்துடன் திரளாக நீர்மட்டத்தில் திரியும்; தாயும் தந்தையும் அவற்றின் அடியிலேயே இருந்து காவல் புரியும். அத்திரளின்மேல் எதை வீசினாலும் பெற்ற மீன் சினந்து பாயும். பசியில்லாமலே கடிக்கும் அம்மீனைப் பிடிப்பது மிக எளிது; ஆதலால்தான் அது தகாது. காவல் நீங்கினால் மற்ற மீன்களும் பறவைகளும் சில நாட்களுக்குள் குஞ்சுகள் யாவற்றையும் தின்றுவிடும். ஒரு மீனைப் பிடிப்பதால் அடுத்த வருஷத்து மீன்கள் பல நூறு அழியும். பொது ஏரியில் குஞ்சுத்திரள் காணும் இடத்தில் தூண்டிலிடாமல் விலகுவதே முறை. விராலை அகற்றவேண்டிய சொந்த வளர்ப்புக் குட்டைக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

ஏரியின் மீன்பாசி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தால், குத்தகைதாரரின் அனுமதியின்றித் தூண்டிலிடுதலும் கூடாது. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி போன்ற குடிநீர்த் தேக்கங்களில் அதிகாரிகளின் அனுமதியின்றி இறங்குதல் தகாது. வெடி வைத்தும், நீரில் நஞ்சு கலந்தும் மீன்களை அழிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியிருக்கின்றது. மின்சாரக் கம்பியை நீரில் விட்டு மீன் பிடிப்போர் தாங்களே மடிவதோடு, கால்நடைகளுக்கும் பிறருக்கும் எமனாகின்றனர். இவை நடைபெறாமல் தடுப்பது அதிகாரிகளின் கடமை.

மற்றொன்றும் அறியத்தக்கது. விரால் காற்றைச் சுவாசிப்பதால், மற்ற மீன்கள் மடிந்துபோகும் அசுத்த நீரிலும் அது உயிர் வாழும். ஆகவே ஓர் ஏரியில் விரால் இருப்பதைக்கொண்டு அந்நீர் சுத்தமானது என்று முடிவு செய்யலாகாது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளில் வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலப்பதைப் பற்றி அவ்வூரார் நெடுங்காலமாக முறையிட்டு வந்திருக்கின்றனர். கழிவு கலக்கும் நீரில் பிடித்த மீனை உணவுக்குக் கொள்ளாதிருப்பதே நன்று.

அபாயங்கள்

கரிநார்க் கோலில் மின்சாரம் பாயும். வயல் வரப்பின்மேலும் ஏரிக்கரையின்மேலும் மின்கம்பிகள் தாழத் தொங்கும் இடங்கள் பல உண்டு. அவற்றின் அடியில் கோலை நிமிர்த்திப் பிடிப்பதும் வீசுவதும் உயிருக்கு ஆபத்து. இடி மின்னல் காலத்தில், முக்கியமாக ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வானம் இருண்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு அகல வேண்டும். நனைந்த மூங்கிற்கோலையும் நம்பலாகாது.

அறுந்த நரம்பைக் கரையிலே எறிவது பெருங்கேடு. அது எளிதில் மக்காது. மேயும் மாட்டின் குளம்பிலும், நீர்ப்பறவைகளின் காலிலும் சிறகிலும் சுற்றிக்கொள்ளும். புல்லோடு மாட்டின் வயிற்றினுள்ளும் சென்றுவிடும். பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019-ல் பூங்காவாக்கப்பட்டபின் பறவைகளைக் காண அங்கு வருவோர் பலர்; அத்தகைய இடங்களில் இதனை இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும். கழிந்த நரம்பைச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் சேர்ப்பதே முறை. முள்ளை எடுக்க நீண்ட மூக்குள்ள குறடு ஒன்று கையில் இருத்தல் வேண்டும். முள்ளின் நுனிக்குப் பின்னுள்ள எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிட்டால், சிறு மீனை ஊறின்றி விடுவிக்கலாம். தவறிக் கையில் ஏறினாலும் எளிதில் எடுக்கலாம்.

சுருக்கம்

செடியில்லாத சிறு குட்டைக்கு: 10 முதல் 14 அடிக் கல்மூங்கிற்கோல், 12 முதல் 15 ராத்தல் தங்கூசி, நெட்டித் தக்கை, ஒற்றை முள், மண்புழு அல்லது சிறு மீன். ரீல் வேண்டாம். இரையை எட்டி வீசவேண்டிய பெரிய குட்டையாயின், எம். குறியுள்ள கோலும் ஸ்பின்னிங் ரீலும் அதே தங்கூசியும் கொள்ளலாம்.

செடியடர்ந்த ஏரிக்கும் பெரிய குட்டைக்கும்: ஆறரை முதல் ஏழு அடி நீளமுள்ள, எம்.எச். குறியுள்ள கண்ணாடி நார்க் கோல் அல்லது கலப்புக் கோல். 3000 அல்லது 4000 பருமனுள்ள ஸ்பின்னிங் ரீல். 30 முதல் 40 ராத்தல் பின்னல் நரம்பு. எளிதில் அமுங்கும் ரப்பர்த் தவளை.

கையிருப்புப் பணம் குறைவாயின், கோலில் மிச்சம் பிடித்து நரம்பிலும் முள்ளிலும் செலவிடுவதே விவேகம். மட்டமான கோலைக்கொண்டும் மீன் பிடிக்கலாம். மட்டமான நரம்பு மீனையும் முள்ளையும் ஒருங்கே இழக்கச் செய்யும். இவ்வருஷம் குட்டையில் குஞ்சு விட எண்ணும் விவசாயிகள், வாய்க்காலின் வாயில் கம்பிவலை கட்டி விராலை வரவொட்டாமல் தடுப்பதை முதலிலும், வந்ததைத் தூண்டிலால் எடுப்பதை அடுத்தும் செய்வார்களாயின், விட்ட குஞ்சுகளுள் பெரும்பாலானவை வளர்ந்து கரையேறும்.